டிவி பாக்ஸில் லினக்ஸ்: பிளாஷ் செய்யும்போது செத்துப்போனால் என்ன செய்வது?

ஆண்ட்ராய்ட் டிவி பாக்ஸ் என்று விற்கப்பட்ட சிறிய கறுப்புப் பெட்டிகள் பல வீடுகளில் இன்று சும்மா கிடக்கின்றன. வாங்கிய புதிதில் படம் பார்த்தோம், பாட்டு கேட்டோம். இரண்டு ஆண்டுகள் போனதும் அப்டேட் வருவது நின்றது. பிறகு ஸ்மார்ட் டிவி வந்தது, பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது நான்கு கோர் கொண்ட ஏ.ஆர்.எம். பிராசசர், 1 அல்லது 2 ஜிபி ராம், 8 அல்லது 16 ஜிபி ஸ்டோரேஜ், எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி., லேன் போர்ட். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் ஓடும், அதாவது அதிகபட்சம் 10 வாட். ஒரு கீபோர்டையும் மவுஸையும் சொருகினால் இது ஒரு கம்ப்யூட்டர்தான்.

இதில் லினக்ஸ் போட முடியும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. போடப் போய்ப் பெட்டி செத்துவிட்டது, லைட் கூட எரியவில்லை, தூக்கி எறிய வேண்டியதுதானா என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. பெரும்பாலும் எறிய வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைப் புரிந்துகொண்டால், லினக்ஸ் போடும் முறையும் தானாகப் புரிந்துவிடும்.

அதற்கு முன், நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் பெட்டியில் எதற்காக லினக்ஸ் போட வேண்டும்? மலிவான, பெயர் தெரியாத பெட்டிகளைப் பொறுத்தவரை பாதுகாப்பு ஒரு பெரிய காரணம். 2023 ஜனவரியில், டி95 என்ற பெயரில் விற்ற பெட்டிக்குள் தொழிற்சாலையிலிருந்தே வைரஸ் புரோகிராம் வந்திருந்தது தெரிய வந்தது. 2024 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம், வோ1டி என்ற புரோகிராம் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் டிவி பெட்டிகளில் புகுந்திருப்பதாக அறிவித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., பேட்பாக்ஸ் 2.0 பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இவை சிஸ்டம் பார்ட்டிஷனுக்குள் உட்கார்ந்திருப்பதால் பேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. வீட்டு இன்டர்நெட்டை, நமக்குத் தெரியாமலேயே யாரோ ஒருவர் பயன்படுத்திக் கொண்டிருப்பார். அந்த ஆண்ட்ராய்டை எழுப்பாமல் கார்டிலிருந்து லினக்ஸை ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

லினக்ஸ் நமக்குப் புதியதும் அல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. அது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டிவி பெட்டிகளில் அதிகம் பேர் போடும் ஆர்ம்பியனும் டெபியன், உபுண்டு இரண்டிலிருந்து வந்ததுதான். பாஸ் லினக்ஸைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இதன் கட்டளைகள் பழகியவையாகவே இருக்கும். படம் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் ஆர்ம்பியன் வேண்டாம். அதில் வீடியோவுக்கான ஹார்ட்வேர் உதவி பல சிப்களில் அரைகுறையாகத்தான் இருக்கும். கோர்எலெக் அல்லது லிப்ரெஎலெக் போடுங்கள். டைப் அடிக்க, பைத்தான் பழக, பிரிண்டரை வீடு முழுவதும் பகிர, பழைய ஹார்ட் டிஸ்க்கை நெட்வொர்க்கில் வைக்க ஆர்ம்பியன் சரியானது.

எந்தப் பெட்டி ஆகும், எது ஆகாது?

வாசகர்கள் முதலில் கேட்பது அரசு கேபிள் பெட்டியைப் பற்றி. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 முதல் சந்தாதாரர்களுக்குக் கொடுத்த செட் டாப் பாக்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது கேபிள் சிக்னலைப் பிரித்துக் காட்டும் கருவி. மேலும் அது நிறுவனத்தின் சொத்து, இணைப்பை விட்டால் திருப்பித் தர வேண்டும். அதில் கை வைக்காதீர்கள். டி.டி.எச்., பிராட்பேண்ட் கம்பெனிகள் தரும் ஆண்ட்ராய்ட் பெட்டிகளையும் விட்டுவிடலாம். அவற்றில் பெரும்பாலும் செக்யூர் பூட் இருக்கும், கம்பெனி கையெழுத்திடாத எதையும் ஏற்காது.

ஆகக்கூடியவை, தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள். அவற்றிலும் அட்டையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் என்று எழுதிய பெட்டிக்குள் 1 ஜிபியும் 8 ஜிபியும் இருப்பது சகஜம். ஆண்ட்ராய்டின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே பொய் எண் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். லினக்ஸ் ஏறியதும் உண்மை வெளிவந்துவிடும். சிலருக்கு அதுவே முதல் அதிர்ச்சி! எனவே அடியில் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றி, போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும், ஹீட் சிங்க் தெரியாமல் மூடியிருக்காவிட்டால் சிப்பின் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். இந்த போட்டோவுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

சிப்கள் முக்கியமாக மூன்று குடும்பங்கள். ஆம்லாஜிக் (எஸ்905எக்ஸ், எஸ்905டபிள்யூ, எஸ்912, எஸ்905எக்ஸ்3 போன்றவை), ராக்சிப் (ஆர்கே3229, ஆர்கே3318 போன்றவை), ஆல்வின்னர் (எச்3, எச்616 போன்றவை).

பெட்டி எப்படிக் கண் விழிக்கிறது?

பவர் கொடுத்ததும் முதலில் ஓடுவது ஆண்ட்ராய்டும் அல்ல, லினக்ஸும் அல்ல. பிராசசர் சிப்புக்குள்ளேயே தயாரிக்கும்போது பதித்துவிட்ட ஒரு குட்டி புரோகிராம் ஓடுகிறது. இதன் பெயர் பூட் ராம். இதை நாம் அழிக்க முடியாது. எந்த பிளாஷ் டூலாலும் அழிக்க முடியாது. பிளாஷ் செய்ததில் செத்த பெட்டி மீண்டும் பிழைப்பதற்குக் காரணம் இதுதான்.

பூட் ராமுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. பூட்லோடர் எங்கே இருக்கிறது என்று தேடி எடுப்பது. பூட்லோடர்தான் ராமுக்கு உயிர் கொடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்புகிறது. இந்தத் தேடும் வரிசை குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது.

ஆல்வின்னர் சிப்கள் முதலில் எஸ்.டி. கார்டைப் பார்க்கின்றன, பிறகுதான் உள்ளே இருக்கும் இ.எம்.எம்.சி. மெமரியை. எனவே உள்ளே என்ன குளறுபடி செய்திருந்தாலும், சரியான இமேஜ் எழுதிய கார்டைச் சொருகினால் பெட்டி எழுந்துவிடும்.

ஆம்லாஜிக்கில் தலைகீழ். முதலில் இ.எம்.எம்.சி., அங்கே சரியான பூட்லோடர் இல்லை என்றால்தான் கார்டு, அதுவும் இல்லை என்றால் யு.எஸ்.பி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முழுவதும் அழிந்துபோன ஆம்லாஜிக் பெட்டியை மீட்பது சுலபம், ஏனெனில் அது தானாகவே யு.எஸ்.பி. வரை இறங்கி வந்து காத்திருக்கும். பாதி கெட்டதுதான் கஷ்டம். உள்ளே வேறு ஏதோ பெட்டியின் பூட்லோடர் இருக்கிறது, பூட் ராம் அதைச் சரியென்று ஏற்றுக் கொள்கிறது, ஆனால் ராமின் அளவும் வேகமும் ஒத்துப் போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. டிவியில் ஒன்றும் வராது, கார்டையும் பார்க்காது. ஒரே எஸ்905எக்ஸ் சிப் என்றாலும் இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமான ராம் போட்டிருக்கும். ஒரு பெட்டியின் பர்ம்வேர் இன்னொரு பெட்டிக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

முதலில் கார்டில் மட்டும்

எனவே எடுத்த எடுப்பில் உள்ளே எழுத வேண்டாம். கார்டிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். இதில் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஆம்லாஜிக் பெட்டியை எடுத்துக் கொள்வோம். டிவி பாக்ஸுக்கான ஆர்ம்பியன் இமேஜை கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து, ரூபஸ் அல்லது பலேனா எட்சர் மூலம் 8 ஜிபிக்குக் குறையாத, நல்ல கம்பெனி கார்டில் எழுதுங்கள். முடிந்ததும் கார்டின் முதல் பார்ட்டிஷன் விண்டோஸிலேயே தெரியும். அதில் எக்ஸ்ட்லினக்ஸ் என்ற போல்டருக்குள் ஒரு கான்பிகரேஷன் பைல் இருக்கும். எஃப்.டி.டி. என்று தொடங்கும் வரியில் உங்கள் சிப்புக்கான டி.டி.பி. பைலின் பெயரைக் கொடுக்க வேண்டும். எஸ்905எக்ஸ் பெட்டிகளுக்கு பி212 என்று முடியும் பைலும், எஸ்912-க்கு க்யூ200 என்று முடிவதும் பெரும்பாலும் வேலை செய்யும். அதே பார்ட்டிஷனில் யு-பூட் என்று தொடங்கும் சில பைல்கள் இருக்கும். உங்கள் சிப் பெயர் உள்ளதைக் காப்பி செய்து, யு-பூட் புள்ளி இ.எக்ஸ்.டி. என்று பெயர் மாற்றி அங்கேயே வையுங்கள். பலர் மறப்பது இந்த ஒரு வேலையைத்தான்.

இப்போது பல்குத்தும் குச்சி ஒன்று தேவை. கிண்டல் அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் ஏவி என்று எழுதிய ஓட்டைக்குள், ஆழத்தில், ரீசெட் பட்டன் ஒளிந்திருக்கும். கார்டைச் சொருகி, குச்சியால் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுத்து, லோகோ வந்து மறையும் வரை பிடித்திருங்கள். கார்டில் உள்ள ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, இனிமேல் கார்டு இருந்தால் கார்டிலிருந்து கிளம்பு என்று பெட்டிக்குச் சொல்லிவிடும். இதை ஒரு முறை செய்தால் போதும். முதல் முறை ரூட் என்ற பெயரும் 1234 என்ற பாஸ்வேர்டும் கேட்கும், உடனே மாற்றச் சொல்லும். மாற்றிவிடுங்கள்.

வைஃபை வேலை செய்யவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். மலிவுப் பெட்டிகளில் உள்ள பல வைஃபை சிப்களுக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை. லேன் கேபிள் போடுங்கள். படமே வரவில்லை என்றால் டி.டி.பி. பைலை மாற்றிப் பாருங்கள். கார்டை எடுத்தால் பழைய ஆண்ட்ராய்ட் வரும், எனவே பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் முயற்சிக்கலாம்.

கார்டிலேயே ஓடுவது போதும் என்று தோன்றினால் அதோடு நிறுத்திக் கொள்ளலாம். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

உள்ளே எழுதுவதற்கு முன்

வேகம் வேண்டும், கார்டு இல்லாமல் ஓட வேண்டும் என்பவர்கள் முதலில் உள் மெமரியை முழுவதும் பேக்கப் எடுக்க வேண்டும். டெர்மினலில் எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டினால் டிரைவ்களின் பட்டியல் வரும். எம்.எம்.சி. என்று இரண்டு வரும், ஒன்று கார்டு, இன்னொன்று உள் மெமரி. எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பெட்டிக்குப் பெட்டி மாறும். எதன் கூட பூட்0, பூட்1 என்று இரண்டு குட்டிப் பகுதிகள் தெரிகின்றனவோ அதுதான் உள் மெமரி.

டிடி கட்டளையால் அதை அப்படியே படித்து, ஜிஜிப் மூலம் சுருக்கி, பென் டிரைவில் ஒரு பைலாக எழுதுங்கள். டிடியில் ‘இஃப்’ என்பது படிக்கும் இடம், ‘ஓஎஃப்’ என்பது எழுதும் இடம். இரண்டும் இடம் மாறினால் பேக்கப் எடுக்க வேண்டியதே அழிந்துவிடும், இருமுறை படித்த பிறகே என்டர் தட்டுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 பார்மட்டில் இருக்கக் கூடாது. அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் பேக்கப் பாதியில் நின்றுவிடும். பூட்0, பூட்1 பகுதிகள் இந்த பேக்கப்பில் சேராது, தனித்தனியாக எடுங்கள், சிறியவைதான். கடைசியில் ஜிஜிப்பின் சோதனை வசதியால் பைல் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வைரஸ் இருந்த பெட்டி என்றால் பேக்கப்பிலும் அது இருக்கும். பூட்லோடரைத் திரும்ப எடுக்க மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

இனி உள்ளே எழுதலாம். ஆனால் கார்டில் எழுதிய அதே இமேஜை டிடி மூலம் உள் மெமரியில் எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆம்லாஜிக் பெட்டிகள் அதிகம் சாவது இங்கேதான். கார்டு இமேஜில் ஆம்லாஜிக் பூட்லோடர் கிடையாது. இதுவரை கார்டு ஓடியது, உள்ளே இருந்த பழைய பூட்லோடர் எழுப்பிவிட்டதால்தான். அதன் மேலேயே எழுதிவிட்டால் எழுப்ப ஆள் இல்லை. ரூட் போல்டரில் தரப்பட்டிருக்கும் ஏ.எம்.எல். இன்ஸ்டால் ஸ்கிரிப்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அது உள் மெமரியின் முதல் 4 எம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, புதிய பார்ட்டிஷன் போட்ட பின் அந்த பூட்லோடரைத் திரும்ப அதே இடத்தில் எழுதுகிறது.

ராக்சிப்பில் மல்டிடூல் என்ற கார்டு இமேஜ் இருக்கிறது. பேக்கப், ரீஸ்டோர், இமேஜ் எழுதுதல் எல்லாம் மெனுவிலேயே வரும். ராக்சிப், ஆல்வின்னர் இமேஜ்களில் பூட்லோடரும் சேர்ந்தே இருப்பதால் மேலே சொன்ன ஆபத்து இல்லை.

செத்த பெட்டியை எழுப்புதல்

முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். செத்ததாகச் சொல்லப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு வியாதியே அதுதான்.

ஆம்லாஜிக்கில் பூட்லோடர் போயிருந்தால் தேவையானவை மூன்று. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆம்லாஜிக் யு.எஸ்.பி. பர்னிங் டூல், உங்கள் போர்டு எண்ணுக்கே உரிய ஒரிஜினல் பர்ம்வேர் இமேஜ் (எடுத்து வைத்த போட்டோ இங்கேதான் உதவும்), இரு முனையும் ஆண் பின் கொண்ட யு.எஸ்.பி. கேபிள். இந்தக் கேபிள் சாதாரணக் கடைகளில் கிடைக்காது. மணவூர், திருவாலங்காடு பக்கம் இருப்பவர்கள் அரக்கோணம் - சென்னை மின்சார ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு நடந்து போகும் தூரம்தான். போகும்போது யு.எஸ்.பி. - டிடிஎல் கன்வெர்ட்டர் ஒன்றையும் வாங்கி வந்துவிடுங்கள், காரணம் பின்னால்.

டூலில் இமேஜைத் திறந்து ஸ்டார்ட் கொடுத்து வையுங்கள். குச்சியால் ரீசெட் பட்டனை அழுத்தியபடி பெட்டியை கேபிளால் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். இரண்டு யு.எஸ்.பி. போர்ட்களில் ஒன்றுதான் இதற்கு ஆகும், ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதில் பாருங்கள். டூல் பெட்டியைக் கண்டுகொண்டதும் சதவீதம் ஓடத் தொடங்கும். இந்த நேரத்தில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். எனவே பேட்டரி உள்ள லேப்டாப்பில் செய்யுங்கள், அடாப்டரும் தேவைப்பட்டால் அதை இன்வெர்ட்டர் லைனில் சொருகுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர்களில் இது சின்ன விஷயம் அல்ல.

தொடக்கத்திலேயே, ‘இனிஷியலைஸ் டிடிஆர்’ என்ற வார்த்தைகளோடு எரர் வந்து நின்றால், மேலே சொன்ன ராம் பொருத்தப் பிரச்னையாக இருக்கலாம். அதாவது இமேஜ் உங்கள் போர்டுக்கு உரியது அல்ல. மட்டமான, நீளமான கேபிளாலும் இது வரும். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு, வேறு இமேஜ் தேடுங்கள். டூலில் எல்லாவற்றையும் அழிக்கும் வசதியைத் தேவையில்லாமல் டிக் செய்ய வேண்டாம். பெட்டியின் மேக் அட்ரஸும், கட்டணப் படச் சேவைகளுக்கான வைட்வைன் சாவியும் அதில் போய்விடலாம்.

டூல் பெட்டியைப் பார்க்கவே இல்லை என்றால் அது பாதி கெட்ட வகை. இ.எம்.எம்.சி.யின் கிளாக் புள்ளியை பவர் கொடுக்கும் அந்த ஒரு வினாடி கிரவுண்டோடு தொட வைத்தால், பூட் ராமால் மெமரியைப் படிக்க முடியாது. அது காலி என்று நினைத்து யு.எஸ்.பி.க்கு இறங்கி வந்துவிடும். ராக்சிப்பில் மாஸ்க்ராம் நிலைக்குக் கொண்டு வருவதும் இதே வழிதான். ஆனால் எந்தப் புள்ளி என்பது போர்டுக்கு போர்டு மாறும். அதே எண் கொண்ட போர்டில் புள்ளியைக் குறித்துக் காட்டிய படம் கையில் இல்லாமல் ஊசியைக் கொண்டு குத்திப் பார்க்காதீர்கள். சப்ளை லைனைத் தொட்டுவிட்டால் சிப்பே போய்விடும், அதை எந்த டூலும் மீட்காது.

டிடிஎல் கன்வெர்ட்டர் வாங்கச் சொன்னது, பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்பதற்காக. பல போர்டுகளில் ஓரத்தில் மூன்று அல்லது நான்கு புள்ளிகள் வரிசையாக இருக்கும். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றை மட்டும் இணையுங்கள், வோல்டேஜ் புள்ளியை விட்டுவிடுங்கள். கன்வெர்ட்டர் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும். புட்டி புரோகிராமில் ஆம்லாஜிக்குக்கு 115200, ராக்சிப்புக்கு 1500000 என்று வேகம் கொடுங்கள். சிபி2102 சிப் கொண்ட கன்வெர்ட்டர் 10 லட்சத்துக்கு மேல் போகாது, ராக்சிப் வைத்திருப்பவர்கள் சிஎச்340 கேட்டு வாங்குங்கள். டிவியில் ஒன்றுமே வராத பெட்டி இங்கே பக்கம் பக்கமாகப் பேசும். ராமில் நின்றதா, மெமரியைப் படிக்க முடியாமல் நின்றதா, டி.டி.பி. பைல் கிடைக்காமல் நின்றதா என்று கடைசி வரி சொல்லிவிடும். அங்கும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கோளாறு பர்ம்வேரில் இல்லாமல் பவர் பகுதியிலேயே இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்திருக்கும் டிவி மெக்கானிக்கிடம் காட்டுவது அப்போது சரியாக இருக்கும்.